கபடி ஆடும் பிள்ளைகளுக்கு: பலம், மூச்சு, சாப்பாடு, ஓய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் குழுவில் பல வருடம் லெஃப்ட் கார்னர், அதாவது பிடிக்கிற வரிசையில் இடது ஓரத்து இடத்தில் ஆடினேன். இப்போது அதே மைதானத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். களத்திலும் போனிலும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். எங்கள் பையன்களிடம் உழைப்புக்குக் குறைவே இல்லை. அந்த உழைப்பைத் தாங்குகிற சாப்பாடும் தூக்கமும்தான் குறைவு. நான் பார்த்த காயங்களில் பல அங்கிருந்துதான் தொடங்கின. அதனால் பதில்களில் சாப்பாட்டுப் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

அண்ணே, தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிறோம். அதிலேயே பலம் வந்துவிடாதா? தனியாக எடைப் பயிற்சி எதற்கு?

ஆட்டம் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும். கண், கால், நேரம் பார்த்துப் பாய்வது எல்லாம் களத்தில்தான் வரும். ஆனால் தசை பலப்பட வேண்டும் என்றால், போன மாதம் தூக்கியதைவிட இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டும். அதே பையன்களோடு அதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தால் சுமை கூடுவதில்லை. உடம்புக்கும் கூடுதல் பலம் சேர்க்க வேண்டிய அவசியம் வராது.

ஒரு கணுக்கால் பிடியை நினைத்துப் பாருங்கள். 75 கிலோ ரைடர், அதாவது பாடிவருகிறவன், போனஸுக்கு, அதாவது கூடுதல் புள்ளிக்கு, காலை நீட்டுகிறான். நீங்கள் தாழ்ந்து பாய்ந்து கணுக்காலைக் கட்டிக்கொள்கிறீர்கள். அவன் உங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குத் தாவுகிறான். கவர், அதாவது உள்பக்கத்தில் நிற்கிற பிடிப்பாளர், வந்து சேர ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ ஆகும். அதுவரை தாங்குவது உங்கள் விரல் பிடியும் முதுகும் இடுப்பும்தான். அந்த இரண்டு விநாடியில் முதுகு வளைந்துவிட்டால் பிடியும் போகும், சில நேரம் முதுகும் போகும்.

பழைய ஆட்டக்காரர்கள் ஜிம்முக்கா போனார்கள் என்று கேட்பீர்கள். 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் நம் தூத்துக்குடி மாவட்டத்துக் கிராமத்துக்காரர். அந்தத் தலைமுறையில் கிராமத்துப் பையன்களுக்கு வயல் வேலையே எடைப் பயிற்சி. மூட்டை தூக்குவது, மண் வெட்டுவது, நாற்றுக்கட்டு சுமப்பது என்று உடம்பில் சுமை ஏறிக்கொண்டே இருந்தது. இன்று கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வருகிற பையனுக்கு அது இல்லை. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 45 நிமிடம், அந்தச் சுமையை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் ஜிம் இல்லை. என்ன வைத்துச் செய்வது?

எங்கள் மைதானத்தில் இருப்பது இவ்வளவுதான்: மணல் நிரப்பிய நான்கு யூரியா சாக்கு, ஒரு பழைய லாரி டயர், புளியமரக் கிளையில் கட்டிய கயிறு, ஒரு ஜோடி கர்லாக்கட்டை. இது போதும்.

சாக்கில் 25 கிலோ மணல் போட்டு வாயை இறுக்கித் தைத்துவிடுங்கள். அதை ரைடரைக் கட்டிப் பிடிப்பது போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, களத்தின் நீளத்துக்கு நடங்கள். சாக்குக்குக் கைப்பிடி கிடையாது, மணலும் ஒரு பக்கம் சரியும். அதனால் பிடி, முதுகு, வயிறு மூன்றும் சேர்ந்து வேலை செய்யும். அதே சாக்கைத் தோளில் வைத்துப் பஸ்கி எடுங்கள், தரையிலிருந்து தூக்கி நிமிருங்கள். கிளையில் துண்டைத் தொங்கவிட்டு இரண்டு முனையையும் பிடித்து உடம்பை மேலே இழுங்கள். தண்டால் சுலபமாகிவிட்டால் முதுகில் ஒருவனைக் கை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 8 முறை, 3 சுற்று, சுற்றுக்கு நடுவே இரண்டு நிமிட ஓய்வு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சாக்கில் இரண்டு கிலோ மணல் கூட்டுங்கள்.

இதில் இரண்டு தவறு அடிக்கடி பார்க்கிறேன். ஒன்று, 'நான் 300 பஸ்கி எடுப்பேன்' என்பது. அது தாக்குப்பிடிக்கும் திறன். நல்லதுதான், ஆனால் பலம் வேறு. முப்பது, நாற்பது தடவை நிற்காமல் செய்ய முடிகிற எதுவும் பலத்தைப் பெரிதாகக் கூட்டாது. இன்னொன்று, கை நடுங்கி முதுகு கோணும்வரை விடாமல் செய்வது. இன்னும் இரண்டு தடவை முடியும் என்கிறபோதே நிறுத்திவிடுங்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அந்த உடம்புதான் வேண்டும்.

முட்டி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்கூட்டியே ஏதாவது செய்யலாமா?

செய்யலாம், செய்தே ஆக வேண்டும். முட்டிக்குள் இருக்கிற ஏ.சி.எல். தசைநார் அறுந்தால் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு ஒன்பது மாதமோ ஒரு வருடமோ களத்துக்கு வெளியே. அதோடு ஆட்டத்தையே விட்டவர்கள் உண்டு.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. வாரம் முழுக்க மண்ணில் பழகுகிறோம். போட்டி 'மேட்' என்கிற விரிப்பின் மேல் நடக்கிறது. மண்ணில் திரும்பும்போது கால் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். மேட்டில் ஷூ அப்படியே பிடித்துக்கொள்ளும். கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரமாவது ஷூ போட்டுப் பழகுங்கள். மேட் இல்லாவிட்டால் பள்ளியின் சிமெண்ட் திண்ணையிலாவது மெதுவாகத் திரும்பிப் பழகுங்கள். அங்கே பாய்ச்சலும் பிடியும் வேண்டாம். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று ஒருவர் எதிரில் நின்று பார்க்க வேண்டும். மடிந்தால் அதைத் திருத்தாமல் வேகப் பயிற்சிக்குப் போகாதீர்கள்.

பின்தொடைக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், பேர் நார்டிக். முட்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பின்னால் ஒருவன் உங்கள் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல் உடம்பை முன்பக்கமாக எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். முதல் வாரம் 5 தடவை, 2 சுற்று. மறுநாள் நன்றாக வலிக்கும், பயப்பட வேண்டாம். இதைப் பயிற்சியில் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. அதில் பெரும்பாலானவை கால்பந்து அணிகள். காசு செலவில்லாத இவ்வளவு நல்ல காப்பு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பாதியில் மூச்சு வாங்குகிறது. தினமும் 10 கிலோமீட்டர் ஓடினால் சரியாகுமா?

ஆட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20 நிமிடம். ஒரு ரைடு அதிகபட்சம் 30 விநாடி. அந்த 30 விநாடியிலும் முழுப் பாய்ச்சல் நாலைந்து விநாடிதான். தசைக்குள் கைச்செலவுக்கு வைத்த காசு மாதிரி ஒரு சேமிப்பு உண்டு. முழு வேகத்தில் பத்து விநாடி பாய்ந்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். அது திரும்ப நிரம்ப மூன்று நிமிடம் வரை ஆகும், நிரப்புகிற வேலையை நீங்கள் இழுக்கிற மூச்சுதான் செய்கிறது. ஆக, பாயவும் தெரிய வேண்டும், பாய்ந்த பிறகு சீக்கிரம் ஆறவும் தெரிய வேண்டும். தினமும் 10 கிலோமீட்டர் ஒரே சீராக ஓடினால் பாய்ச்சல் மழுங்கும், எடையும் இறங்கும்.

நாங்கள் செய்வது இதுதான். நடுக்கோட்டிலிருந்து 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே போய், 3.75 மீட்டரில் இருக்கிற, ரைடர் தாண்ட வேண்டிய பால்க் லைனைத் தொட்டு, பக்கவாட்டில் நகர்ந்து, போனஸுக்குக் கால் நீட்டி, திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். 30 விநாடி முழுக்க, பாட்டு விடாமல். அப்புறம் 90 விநாடி நடை. இப்படி 6 தடவை. 4 நிமிட ஓய்வு, மறுபடி 6 தடவை. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இதோடு வாரத்தில் ஒருநாள் 30 நிமிடம், பக்கத்தில் ஓடுகிறவனோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். பாடுவது என்பது மூச்சை வெளியே விடுவது. அதைப் பாடாமல் ஓடிப் பழகினால் களத்தில் உதவாது.

வாரத்துக்கு ஒரு அட்டவணை வேண்டும்.

திங்கள் எடை, ஆட்ட நுணுக்கம். செவ்வாய் மூச்சுப் பயிற்சி. புதன் லேசான ஓட்டம், பிடிப் பயிற்சி. வியாழன் எடை. வெள்ளி மூச்சுப் பயிற்சி, கடைசியில் ஒரு ஆட்டம். சனி ஆட்டம். ஞாயிறு ஒன்றும் இல்லை, வீட்டில் இருங்கள். போட்டி வருகிற வாரத்தில் வியாழனுக்கும் வெள்ளிக்கும் பாதி அளவு போதும்.

வீட்டில் கறி வாரத்தில் ஒருநாள்தான். புரதத்துக்கு எங்கே போவது?

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் சேர்ந்தால் பலப் பயிற்சி செய்கிற பையனுக்குப் போதும். 60 கிலோ பையனுக்கு ஏறத்தாழ 96 கிராம். இதைக் கேட்டதும் டப்பாப் பொடிதான் வழி என்று நினைத்துவிடுகிறார்கள். வீட்டில் இருப்பதைக் கூட்டிப் பார்ப்போம்.

மூன்று முட்டை 18 கிராம். அரை லிட்டர் பால், தயிராகவோ மோராகவோ இருந்தாலும் சரி, 16. ஐம்பது கிராம் வேர்க்கடலை 12. ஐம்பது கிராம் பொட்டுக்கடலை 10. சாம்பாரிலும் கூட்டிலும் போய்ச் சேருகிற பருப்பு 60 கிராம் என்றால் 13. மீல்மேக்கர் 30 கிராம் குழம்பில் போட்டால் 15. மூன்று வேளைச் சோற்றிலும் இட்லியிலுமே 20 கிராம் வரும். மொத்தம் 104. கறி இன்னும் கணக்கில் வரவில்லை. கடலோரத்துப் பையன்களுக்கு மத்தியும் நெத்திலியும் இருக்கிறது, அவர்களுக்குக் கவலையே வேண்டாம்.

ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டாமல் நான்கு வேளையாகப் பிரியுங்கள். நம் வீடுகளில் காலை வேளைதான் புரதம் இல்லாமல் போகிறது. நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, முடிந்தது. அதே இட்லியோடு இரண்டு அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

சோறு குறைத்தால்தான் உடம்பு இறுகும் என்கிறார்களே?

உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்குச் சொன்னதை ஓடுகிற பையனுக்குச் சொல்லக் கூடாது. தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறவனுக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 கிராம் மாவுச்சத்து வேண்டும். 60 கிலோ என்றால் 300 கிராமுக்குக் குறையாமல். நூறு கிராம் வெந்த சோற்றில் 28 கிராம்தான் இருக்கிறது. சோற்றைப் பாதியாக்கினால் பாய்ச்சலுக்கு எரிபொருள் இல்லாமல், உடம்பு புரதத்தை எடுத்து எரித்துவிடும். அப்புறம் முட்டை சாப்பிட்டும் பலன் இல்லை.

காலைப் பயிற்சி முடித்து வருகிறவனுக்குப் பழைய சோற்றைவிட நல்ல சாப்பாடு குறைவு. மாவுச்சத்து, நீர், உப்பு மூன்றும் ஒரே சட்டியில். மோர் ஊற்றிக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள வெங்காயத்தோடு நிறுத்தாமல் ஒரு ஆம்லெட்டோ வறுத்த நெத்திலியோ வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னொளிப் போட்டியில் இரவு முழுக்க ஆட வேண்டியிருக்கிறது. நடுவில் என்ன சாப்பிடுவது, எப்படி ஆறுவது?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன், இதற்கு வெளிநாட்டுப் புத்தகத்தில் பதில் கிடைக்காது. நம் பொங்கல் நேரத்து மின்னொளிப் போட்டி எப்படி நடக்கும் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். நோட்டீஸில் மாலை 6 மணி என்று இருக்கும். முதல் ஆட்டம் பத்தரைக்கு. ஜெயித்தால் அடுத்தது ஒரு மணிக்கு. காலிறுதி மூன்றரைக்கு. அரையிறுதி விடியும்போது. நடுநடுவே பனியில் பைக் மேல் உட்கார்ந்திருப்பது, பதினோரு மணிக்குப் பக்கத்துக் கடையில் பரோட்டா சால்னா, அப்புறம் டீ, அப்புறம் இன்னொரு டீ. நானும் அப்படித்தான் ஆடினேன். காலிறுதியில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டு, பிடித்த ரைடரை விட்டுவிட்டுத் தரையில் கிடந்திருக்கிறேன்.

இப்போது எங்கள் குழுவுக்கு வைத்திருக்கிற முறை இது. மதியம் வயிறு நிறையச் சோறு. இரண்டிலிருந்து மூன்றரை வரை கட்டாயத் தூக்கம். மாலை ஆறரைக்குக் கிளம்பும் முன் ஆறு இட்லி, இரண்டு முட்டை, அல்லது ரசம் சோறு, முட்டைப் பொரியல். எண்ணெய் அதிகம் வேண்டாம். முதல் ஆட்டத்துக்குள் செரித்துவிடும்.

ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்துக்குள் இரண்டு வாழைப்பழமும் இரண்டு டம்ளர் பானகமும். அடுத்த ஆட்டத்துக்கு நேரம் குறைவாக இருந்தால் இழந்ததை வேகமாக நிரப்ப வேண்டும். கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து மணிக்கு ஒருமுறை என்பது கணக்கு. 60 கிலோ பையனுக்கு இரண்டு வாழைப்பழமும் அந்தப் பானகமும் சேர்ந்து அந்த அளவைத் தொட்டுவிடும். பானகம் நாங்களே கரைத்துக் கேனில் கொண்டுபோகிறோம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் வெல்லம், அரை எலுமிச்சை, கால் டீஸ்பூனுக்குச் சற்று அதிகமாக உப்பு, கொஞ்சம் சுக்கு. கடையில் விற்கிற விளையாட்டு பானத்திலும் சர்க்கரை ஏறத்தாழ இதே அளவுதான். வெல்லத்தை அதிகம் போட்டால் வயிற்றில் தங்கிக் குமட்டும், அளந்து போடுங்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் ஒரு சின்ன டப்பா தயிர்சாதம். ஒரு மணி நேரம்தான் என்றால் கெட்டியாக எதுவும் வேண்டாம். பரோட்டா சால்னா, பிரியாணி எல்லாம் கோப்பை வாங்கிய பிறகு. எண்ணெய் இரைப்பையில் வெகுநேரம் கிடக்கும், குனிந்து பாயும்போது மேலே வரும். டீ ஒன்று குடிக்கலாம். இரண்டு மணிக்கு மேல் குடித்தால் காலையில் வீட்டுக்குப் போயும் தூக்கம் வராது.

ஆறுவதற்கு எங்களிடம் இரண்டு பெரிய தார்ப்பாயும் பழைய கம்பளியும் இருக்கிறது. ஈர பனியனை உடனே மாற்ற வேண்டும், கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும், காலைப் பையின் மேல் தூக்கி வைக்க வேண்டும். மற்ற ஆட்டங்களைப் பார்க்க ஒருவன் போனால் போதும். பெயர் கூப்பிட 15 நிமிடம் இருக்கும்போது எழுப்பி முழு வார்ம் அப் செய்யவைக்கிறேன். குளிர்ந்த தசையோடு நேராக மேட்டில் இறங்கியபோதுதான் எங்கள் பையன் ஒருவனுக்குப் பின்தொடை கிழிந்தது.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். விடியற்காலையில் தூக்கமில்லாமல் பைக்கில் வீடு திரும்பாதீர்கள். வேன் பேசுங்கள். காசு இல்லையென்றால் பந்தலிலேயே இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

60 கிலோ போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். நான் 62.5. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் இறங்கிவிடும்தானே?

இறங்கும். இறங்குவது தண்ணீர். உடல் எடையில் 2 சதவீதம் நீர் போனாலே ஆட்டம் தளரும். உங்களுக்கு அது 1.25 கிலோ. நீங்கள் அதைப்போல் இரண்டு மடங்கை இழக்கப் பார்க்கிறீர்கள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குழுவில் ஒரு பையன். எடை பார்ப்பது மாலை நான்கு மணிக்கு. மதிய வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடினான், எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள் என்று நானும் தடுக்கவில்லை. எடைக்கருவி 59.8 காட்டியது, கைதட்டினோம். இரவு முதல் ஆட்டத்தில் மூன்றாவது ரைடில் நடுக்கோட்டைத் தாண்டியவன் அப்படியே மடங்கி விழுந்தான். கண் திறந்திருந்தது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ஏற்றிய பிறகுதான் பேசினான். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து எங்கள் குழுவில் தண்ணீர் இறக்கி எடை குறைக்க அனுமதி இல்லை.

பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் எடையே குறைக்காதீர்கள், வளர்கிற உடம்பு. 65 கிலோ பிரிவில் ஆடுங்கள். பெரியவர்கள் வாரத்துக்கு அரைக் கிலோ என்று ஐந்து வாரம் முன்பே தொடங்கலாம். எண்ணெய்ப் பலகாரம், குளிர்பானம், இரவு நேரத் தீனி இவற்றில் கை வையுங்கள். புரதத்திலும் தண்ணீரிலும் கை வைக்காதீர்கள். சீனியர் ஆண்கள் பிரிவில் 85 கிலோ வரை ஆடலாம். காலம் முழுக்க 60 கிலோவில் நிற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? இளநீர் போதுமா?

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. வியர்வையில் போவது உப்பும்தான், அதனால் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது தவறு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட மோர் எல்லாவற்றையும்விட மலிவு.

வெயிலில் ஆடுகிறவன் உளறினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலுக்குத் தூக்கிப் போய்த் தலை முதல் கால் வரை குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.

புரதப் பொடி, கிரியேட்டின், 'பூஸ்டர்' எல்லாம் எடுக்கலாமா?

மேலே சொன்ன சாப்பாடு சரியாக நடந்தால் பொடி தேவையில்லை. விடுதியில் தங்கிப் படிக்கிற, முட்டையும் பாலும் கிடைக்காத பையனுக்கு மட்டும் அது ஒரு வசதி. கிரியேட்டின் நன்றாக ஆராயப்பட்ட பொருள். சிறுநீரகப் பிரச்சினை இல்லாத பெரியவர்கள் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம், குறுகிய பாய்ச்சலுக்கு உதவும். ஆனால் உடம்பில் நீர் சேர்ந்து ஒரு கிலோ கூடலாம், எடைப் பிரிவுக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத ஊசி, சீட்டில்லாமல் கொடுக்கிற மாத்திரை, பத்து நாளில் உடம்பு ஏறும் என்கிற பொடி எதையும் தொடாதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், டப்பாவில் எழுதியிருக்காது. ஊக்கமருந்து விதிப்படி, உடம்பில் இருப்பதற்கு வீரர்தான் பொறுப்பு. தெரியாமல் குடித்தேன் என்பது உங்களைக் காப்பாற்றிவிடும் என்று நம்ப முடியாது. தடை நான்கு வருடம் வரை போகும்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடினால் தப்பா?

மின்னொளிப் போட்டிகளில் டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஊசியோ சகஜமாகிவிட்டது. இரண்டு ஆபத்து. வலி தெரியாததால் பாதி கிழிந்தது முழுதாகக் கிழியும். வியர்த்து வற்றிய உடம்பில் இந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். மறுநாள் சிறுநீர் காபி நிறத்தில் போனால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

தலையில் அடிபட்டுத் தலை சுற்றினாலோ, மறந்து மறந்து பேசினாலோ, அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியாக இருந்தாலும்.

சார், என் பொண்ணு பள்ளிக்கூட அணியில் ஆடுறா. சீக்கிரம் களைச்சுப் போறா. என்ன கொடுக்கலாம்?

அம்மா, முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பிள்ளைக்குச் சோம்பல் என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம், அவளுக்கோ இரும்புச்சத்து இருக்காது. சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல், முட்டை, முருங்கைக்கீரை, பேரீச்சை கொடுங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். ரத்தம் மிகக் குறைவென்றால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். எலும்புக்குக் கேழ்வரகுக் கூழ் நல்லது.

மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து நின்றுவிட்டால் 'விளையாடுவதால் அப்படித்தான்' என்று விடாதீர்கள். பெரும்பாலும் உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லை என்று உடம்பு சொல்கிறது, மருத்துவரிடம் காட்டுங்கள். அண்ணன் தம்பிக்கு வைக்கிற முட்டை அவளுக்கும் வேண்டும். முட்டி அறுகிற ஆபத்து ஆண்களைவிடப் பெண் வீரர்களுக்கு அதிகம். குதித்து இறங்கும் பயிற்சியை அவள் ஒருநாளும் விடக் கூடாது.

ஐஸ் தண்ணீரில் உட்காருவது நல்லதா?

ஒரே நாளில் பல ஆட்டம் இருக்கும்போது 10 நிமிடம் குளிர்ந்த நீரில் கால் வைப்பது அலுப்பைக் குறைக்கும். எடைப் பயிற்சி செய்த நாளில் வேண்டாம், தசை வளர்வதை அது தடுக்கலாம். ஐஸுக்குச் செலவழிக்கிற அக்கறையைத் தூக்கத்தில் காட்டினால் நன்றாக இருக்கும். வளர்கிற பையனுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. பத்து மணிக்கு போனை அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. அம்மாக்கள் எனக்கு போட்டிருக்கிற நன்றி மெசேஜ்கள் எல்லாம் அதற்காகத்தான்.

எனக்கு 33 வயது. இன்னும் எத்தனை வருடம் ஆடலாம்?

தஞ்சாவூர்க்காரரான தர்மராஜ் சேரலாதன் 40 வயதைத் தாண்டியும் புரோ கபடி லீக்கில் கார்னர் ஆடினார். 2016-இல் நான்காவது சீசனில் பாட்னா அணி பட்டம் வென்றபோது அவர்தான் கேப்டன். ஆகவே வயதைக் கேட்டு நிறுத்த வேண்டாம். ஆனால் இருபது வயதில் ஒரு நாளில் ஆறியது இப்போது மூன்று நாள் எடுக்கும், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்ட நாட்களை வாரத்துக்கு இரண்டாகக் குறையுங்கள், எடைப் பயிற்சியைக் குறைக்காதீர்கள். வார்ம் அப் 20 நிமிடம். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தால் எங்கள் மைதானத்தில் மணல் சாக்கு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து தூக்கலாம்.